அம்மிக்கல்லுக்கு அடியில் பூத்தது

உச்சி வெயில் நேரம். தெருவில் காக்கை கூட இல்லை. அக்காள் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து கிடந்தேன். அப்போது மூலையில் இருந்த தாள்கட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

எலி என்றால் கரகரவென்று கேட்கும். பல்லி என்றால் சரசரவென்று ஓடி நிற்கும். இது அப்படி இல்லை. ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார், பக்கம் முடிந்துவிட்டது, அடுத்த பக்கத்தின் ஓரத்தை விரலால் தூக்கி, புரட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். அப்படி ஒரு சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மறந்துபோய்க் கண் சொருகும்போது மறுபடியும்.

கட்டின் மேல் எங்கள் வீட்டு அம்மிக்கல் இருந்தது. அதைத் தூக்கினால் எனக்கே மூச்சு முட்டும். அதற்கு அடியில் தாள் நகர இடமே கிடையாது.

"யக்கா, ஒன் மாப்பிள கட்டு பேசுது."

"லே, வாயக் கழுவு. ஈரத்துல தாளு விரியுது, அதான்."

சொல்லிவிட்டாள். ஆனால் அகப்பை கிண்டும் சத்தம் நின்றுவிட்டது. அடுத்த தடவை தாள் அசையும் வரைக்கும் அது நின்றே இருந்தது.

போன வாரம் நான் எழுதிய கழுதைக் கதையைப் படித்துவிட்டு, "இந்தப் பையனுக்கு இளிப்பைத் தவிர வேறு ஒன்றும் வராதா?" என்று ஒரு பெரியவர் பத்திரிகை ஆபீசில் வந்து கேட்டாராம். இந்த வாரம் அவருக்காகத்தான். படித்து முடித்ததும் அவர் உச்சி வெயிலில், கூடத்தில், தன்னந்தனியாகப் படுத்துக்கொள்ளட்டும்.

மூன்று கூடைகள்

என் அக்காள் எஸ்தரின் கணவர், அதாவது என் அத்தான், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்குச் செடி சேகரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். மலையேறிப் பூச்செடிகளை வேரோடு எடுக்கவேண்டும். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பிக் கட்டி, மேலே பாரம் ஏற்றிக் காயவைக்கவேண்டும். காய்ந்ததும் எது எந்தக் குடும்பம் என்று பிரித்து அலமாரியில் அடுக்கவேண்டும். ஊரார் அவரைச் 'செடி வாத்தியார்' என்பார்கள். அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. எனக்கு நடத்தப் பார்த்தார். நானும் பள்ளிக்கூடமும் நாலாம் வகுப்பிலேயே பேசித் தீர்த்துக்கொண்டு பிரிந்தவர்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் மூன்று கூடைகள் வைத்திருப்பார். நிற இதழ்கள் ஒவ்வொன்றாகத் தனியே கழன்று வரும் பூவுக்கு ஒரு கூடை. ஆவாரை, பூவரசு அதில் விழும். இதழ்கள் ஒட்டிப் புனலாகவோ குழலாகவோ இருப்பதற்கு இன்னொன்று, ஊமத்தை அதில். நிற இதழ் என்றே ஒன்று இல்லாத ஏழைப் பூக்களுக்கு மூன்றாவது, ஆமணக்கு, நாயுருவி. தென்னை, வாழை, புல் எல்லாம் வேறு கணக்கு, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இதைக் கற்றுக்கொண்டு நான் செய்த ஒரே காரியம், தெருக்காரர்களைக் கூடையில் போட்டதுதான். பாகப்பிரிவினையில் வாசல் கதவைக்கூட ஆளுக்கு ஒரு பலகையாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் முதல் கூடை. ஒருத்தி தும்மினால் மூவரும் மூக்கைத் துடைக்கும் கோடிவீட்டு அக்காதங்கைகள் இரண்டாவது கூடை. மூன்றாவதில் சபை மூப்பரைப் போட்டேன். எங்கள் கிறிஸ்தவக் கோயில் காரியங்களை எல்லாம் பார்க்கிற பெரியவர் அவர். பிறந்ததிலிருந்து வெள்ளை வேட்டியைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவர்.

"நீரு எந்தக் கூடைன்னு கேளும்வே," என்றார் அத்தான்.

"எந்தக் கூடை?"

"புல்லுருவி. அடுத்த மரத்துல ஒட்டிக்கிட்டு, அதோட சாறயே குடிச்சுக்கிட்டு, வெக்கமில்லாம பூக்கும்."

நான் அக்காள் வீட்டில் மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்த காலம் அது. அக்காள் சிரித்த சிரிப்பில் சட்டி விழுந்து உடைந்தது.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அத்தான் கூடத்தில் பூவைப் பிளந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளாக எண்ணுவார்: பச்சை இதழ், நிற இதழ், மகரந்தக் காம்பு, நடுவில் விதை பிடிக்கிற அறை. எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொல்லுவார். பூவைப் பார்க்காமலே அக்காள் அடுப்படியிலிருந்து சொல்லவேண்டும்.

"அஞ்சு, அஞ்சு, பத்து, ஒண்ணு."

"ஆவாரங் கூட்டம்."

"நாலு, நாலு, ஆறு, ரெண்டு."

"கடுகு. தாளிக்கேன், பேசாம இருங்க."

கொதிநீர் விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். கற்றாழை, கள்ளி மாதிரி சதை உள்ள செடிகளைப் பறித்து அப்படியே தாளுக்குள் வைத்தால் அவை சாவதில்லை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தன் உடம்புத் தண்ணீரையே குடித்துக்கொண்டு உள்ளே உயிரோடு கிடக்கும். அதனால் அத்தான் அவற்றைக் கொதிநீரில் முக்கிக் கொன்றுவிட்டுத்தான் தாளில் வைப்பார். வீட்டில் எங்கள் சோற்றுப்பானை. மலையில் ஒரு தகரக் குவளை. எங்கள் வீட்டு ரசத்தில் கற்றாழை வாசம் அடிக்காத மாதம் கிடையாது.

கட்டு வந்தது

அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் அத்தான் பாபநாசத்துக்கு மேலே மலையேறினார். விக்கிரமசிங்கபுரத்துச் சுமைகாரர் ஒருவர் எப்போதும் அவருடன் போவார். அவர் பெயரை எழுதமாட்டேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

ஒரு நாள் காலையில் மழையோடு மழையாகச் சுமைகாரர் மட்டும் வாசலில் வந்து நின்றார். தலையில் தாள்கட்டு, மேலே பனையோலை மூடி.

"ஐயா பின்னால வாராவம்மா. ஏதோ செடி பாக்கணும்னு தங்கிட்டாவ. கட்ட நனையாம வீட்டுல சேத்திரும்னாவ."

"உள்ள வாங்க அண்ணாச்சி. சுடுகஞ்சி இருக்கு."

"இல்லம்மா. இருக்கட்டும்."

கட்டை இறக்கி வைத்தார். முகத்தை நிமிர்த்தாமலே போய்விட்டார். வழக்கமாக ரெண்டு கும்பா குடித்துவிட்டு மூன்றாவதற்கு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மனிதர்.

அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரை தாண்டி ஓடியது. மாடு போனது, வைக்கோற்போர் முழுசாக மிதந்து போனது. வெள்ளம் வடிந்த பிறகும் அத்தான் வரவில்லை. ஆற்றோரமாக நாங்கள் தேடாத ஊர் இல்லை. ஒரு துண்டுத் துணி கூட அகப்படவில்லை.

மார்கழி பிறந்ததும் மூப்பர் வந்தார்.

"எஸ்தரு, ஆறு வாங்கினதத் திருப்பித் தராதும்மா. ஜெபத்த வச்சு சாவுமணிய அடிச்சிருவோம். திசையன்வெளையில இருந்து ஒன் மாமனாரு வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. இங்கன தனியா கெடந்து என்ன செய்யப் போற?"

"தனியா என்ன? இந்தத் தடியன் இருக்காம்லா?" என்று என்னைக் காட்டினாள். "ஆள யாரு பாத்தா? பாத்தவங்க வந்து சொல்லட்டும். அப்பறம் அடிங்க ஒங்க மணிய."

ஞாயிறு தவறாமல் மூப்பர் கேட்டார். ஞாயிறு தவறாமல் அவள் இதையே சொன்னாள். பச்சைச் சேலையை வெள்ளைக்கு மாற்றவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தட்டு வைத்தாள். கட்டையும் அவிழ்க்கவில்லை. தினம் தாள் மாற்றாவிட்டால் செடி கெட்டுப்போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "அவிய வந்து மாத்துவாவ," என்று என்னையும் பிடிக்கச் சொல்லி அம்மிக்கல்லை மட்டும் தூக்கி வைத்தாள்.

அதற்கு அப்புறம்தான் அந்தச் சத்தம். முதலில் எப்போதாவது. பிறகு மதியந்தோறும். நான் கேலி செய்வதை நிறுத்திவிட்டுப் பாயைத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். காற்றுக்காக என்று சொன்னேன். அக்காள் நம்பியது மாதிரி நடித்தாள்.

கல்லை நகர்த்தினோம்

கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: கட்டை அவிழ்க்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழுகிவிடும்.

அக்காளைக் கிளப்ப அந்த வார்த்தை போதுமாயிருந்தது. "அவிய வந்தா என்னையத்தான் ஏசுவாவ," என்று எழுந்தாள்.

காலை வெளிச்சம் கூடத்தில் நன்றாக விழுந்திருந்தது. மூப்பர் தன் வழக்கமான கேள்வியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ரூத்து மதினி உப்பு வாங்க வந்தவள் வாசலில் நின்றாள். நானும் அக்காளுமாக அம்மிக்கல்லை நகர்த்தினோம்.

கல் விலகியதும் கட்டு லேசாக உயர்ந்தது. அமுக்கிப் பிடித்திருந்த நெஞ்சை விட்டதும் மூச்சு வாங்குவது போல. என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

அக்காள் கயிற்றை அவிழ்த்தாள். பூசண வாடை அடித்தது. மேல்தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் செடிகள் பழுப்பாக, தட்டையாக, ஒழுங்காகச் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் எங்கே எடுத்தது என்று அத்தான் எழுதிய சீட்டு. அக்காள் சீட்டை மட்டும் விரலால் தடவிவிட்டுத் தாளை வைத்தாள்.

அடித்தாளுக்கு வந்தோம். அதை அவள் தூக்கவில்லை. அதுவே எழும்பியிருந்தது.

உள்ளே ஒரு செடி உயிரோடு இருந்தது.

தண்டு வெள்ளையாக, வெளிச்சம் காணாத உடம்பின் நிறத்தில், தாளின் மடிப்பைத் தேடி வளைந்து வளைந்து நீண்டிருந்தது. தடித்த இலைகளின் ஓரமெல்லாம் குட்டிச் செடிகள் முளைத்திருந்தன. அவற்றின் வேர்கள் மயிரிழை மாதிரி செய்தித்தாளின் வரிகளில் ஓடி, எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. தண்டின் நுனியில் ஒரு கொத்துப் பூ. ஊதின சின்னப் பைகள் மாதிரி தொங்கும் பூ. அதிலும் நிறம் இல்லை. குழலின் வாயில் மட்டும் லேசான சிவப்பு, உதட்டின் உள்பக்கம் போல.

இத்தனை நாள் புரண்டு புரண்டு படுத்தது இதுதான்.

மூப்பர் நாற்காலியிலிருந்து இறங்கி முழங்காலில் நின்றுவிட்டார். "கல்லுக்கு அடியில இருந்து..." என்றார். இரண்டு கையையும் உயர்த்தினார். "கல்லப் புரட்டினா உசுரோட இருக்கு. எஸ்தரு, ஒன் விசுவாசம் ஜெயிச்சிட்டும்மா! அவன் இருக்கான்!"

ரூத்து மதினி உப்பை மறந்து தெருவுக்கு ஓடினாள். "செடி வாத்தியாரு உசுரோட இருக்காவ! கட்டுக்குள்ள பூ பூத்திருக்கு!"

எங்கள் சபைக்காரர்களைக் குறை சொல்லமுடியாது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலில் கல்லறையின் கல்லைப் புரட்டிய கதையைத் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கல்லும் கண்ணுக்கு முன்னால், அடியில் உயிரும் கண்ணுக்கு முன்னால். வேறு என்னதான் நினைப்பார்கள்? எனக்கே அழுகை வந்தது. அக்காளின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவள் அசையவில்லை. ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாலு. நாலு. எட்டு. நாலு."

பிறகு என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

"லே, இது ரணகள்ளி."

"தெரியுமே. கட்டிப்போட்டா குட்டிபோடும். நம்ம வேலியில கெடக்கதுதான்."

"வேலியில கெடக்கத எடுக்க அவிய எதுக்குலே மலையேறணும்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் குரல் தாழ்ந்திருந்தது. யாருக்கோ எண்ணிக்கை சொல்லுவது மாதிரியே சொன்னாள்.

"கொதிதண்ணியில முக்கல. சீட்டு வைக்கல. கடைசிச் செடிய அவிய மேலதான் வைப்பாவ, இது அடியில சொருகியிருக்கு. பூவ மேல்பாத்து வைக்காம மடிச்சுப் போட்டிருக்கு. ஒத்த அடையாளத்த வச்சுக் குடும்பம் சொல்லாதன்னு அவிய சொல்லுவாவ. நாலு அடையாளம் இருக்கு, நாலும் ஒண்ணத்தான் சொல்லுது. இத வச்சது அவிய இல்ல."

"பின்ன யாரு? சுமைகாரரா? அவரு எதுக்கு?"

"இந்த எலய எதுக்குலே பறிப்பாவ?"

நெல்லைச் சீமையில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். வெட்டுக்காயத்துக்கு அரைத்துக் கட்டுவார்கள். பேரே ரணகள்ளி. வெளியே கூட்டம் கீர்த்தனை பாடத் தொடங்கிவிட்டது.

பஞ்சாலைக்குப் பின்னால்

மறுநாள் அம்பாசமுத்திரம் வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலும் போனோம். விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலைக்குப் பின்னால் சுமைகாரரின் வீடு. வேலி, கூரை, கோழியின் முதுகு, எல்லாவற்றிலும் வெள்ளைப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அக்காளின் பச்சைச் சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அக்காள் நலம் கேட்கவில்லை. உட்காரவும் இல்லை.

"ரணகள்ளிய எங்க பறிச்சிய அண்ணாச்சி?"

திரித்த கயிறு அவர் கையிலிருந்து தானாகப் பிரிந்து சுழன்றது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பாழடைஞ்ச காப்பித் தோட்டத்து பங்களா ஓரத்துலம்மா," என்றார். "மேல கெடையாது. கீழ எறங்கி ஓடித்தான் பறிச்சாந்தேன்."

பிறகு முழுவதையும் சொன்னார். மழையில் பாறை வழுக்கியிருக்கிறது. அத்தான் ஓடைக்குள் விழுந்து தொடை கிழிந்துவிட்டது. இவர் ஒரு கை நிறைய ரணகள்ளியைப் பறித்துவந்து, கல்லில் நசுக்கி வைத்து, அத்தான் வேட்டியைக் கிழித்துக் கட்டினார். இரத்தம் நிற்கவில்லை. விறகெல்லாம் ஈரம், தீ மூட்டக்கூட வழி இல்லை.

"மிச்சக் கொப்பு ஒண்ணு கெடந்துது, மொட்டு விட்டது. அத இங்கன தாரும்னு வாங்கினாவ. வலியில இதெல்லாம் எதுக்கு ஐயான்னேன். கேக்கல. மொட்டப் பிரிச்சுப் பாத்து எண்ணினாவ. நாலுன்னாவ. பொறவும் நாலுன்னாவ. எட்டுன்னாவ." சுமைகாரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதுக்கு மேல சத்தம் வரல."

"நாலு," என்றாள் அக்காள்.

பஞ்சாலை இரைச்சலில் அவருக்கு அது கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

மேட்டில் குழி எடுத்துக் கல் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார். "கூடப் போனவன் நான் ஒருத்தன். திரும்பி வாரவனும் நான் ஒருத்தன். போலீசு என்னைய விடுமா? அதான் பின்னால வாராவன்னு சொல்லிட்டேன். பொறவு வெள்ளம் வந்துட்டு. எல்லாரும் வெள்ளம்னாவ. நானும் இருந்துட்டேன்."

"அந்தக் கொப்பக் கட்டுல ஏன் வச்சிய?"

இதைக் கேட்டபோது அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

"அன்னன்னைக்குப் பறிச்சத அன்னன்னைக்கே தாள்ல வச்சிரணும்பாவளே. அன்னைக்குப் பறிச்சது அது ஒண்ணுதான்."

அக்காள் பிரிந்து கிடந்த கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "ஒங்க பேரு என் வாயில வராது அண்ணாச்சி. நிம்மதியா இருங்க." அவர் போன வருஷம் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போய்விட்டார். கிளம்பும் முன்னால், "இனிமே எழுதிக்கிடும் தம்பி, பேர மட்டும் விட்டிரும்," என்றார். அதனால்தான் இந்த வாரம் இது அச்சாகிறது.

பார்த்தவர்கள்

நாங்கள் திரும்பி வருவதற்குள் அத்தானை ஊர் முழுக்கப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பேட்டையில் பழைய தாள் விற்கிற ராவுத்தர் கடைக்கு எதிரே போனாராம். திசையன்விளைச் சந்தையில் கருப்பட்டிக் கடை ஓரம் நின்றாராம். ஆற்றுப் பாலத்தில் காலை வெயிலில் நடந்தாராம். பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஆனால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். தலையில் தாள்கட்டு இருந்தது. வேட்டி நனைந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

அந்த வேட்டி எதற்காகக் கிழிந்தது என்று எனக்குத் தெரியும். மேட்டில் கல் அடுக்கியிருப்பதும் தெரியும். தெரிந்திருந்தும், கடைத்தெருவில் எனக்கு முன்னால் கட்டுச் சுமந்து போகிற ஒவ்வொரு முதுகையும் வேகமாக நடந்து தாண்டிப் போய் முகத்தைப் பார்த்தேன். ஒரு தடவை தாண்டிப் போகாமலே பாதியில் நின்றுவிட்டேன். அந்த முதுகு நின்றது, நான் நின்றதும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

வீட்டிலும் ஓய்வில்லை. பெண்கள் பலகாரத்தோடு வந்தார்கள். செடியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அத்தான் உட்காரும் இடத்தை ரூத்து மதினி தினமும் தன் கையால் துடைத்துவிட்டுப் போனாள். "நாளைக்கு வந்துருவாவ எஸ்தரு. நேத்துகூட எங்க சித்தப்பா பாத்தாவளாம்."

அக்காள் மூப்பரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, மணிய அடிக்கச் சொல்லுங்க. அவிய இல்ல."

மூப்பர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அன்னைக்கு நாங்க இல்லேன்னோம், நீ இருக்காவன்ன. இன்னைக்குக் கடவுளே கண்ணுக்கு முன்னால காட்டிட்டாரு, நீ இல்லேன்னு சொல்லுத. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"அந்தப் பூவையே பாருங்கய்யா. இதழெல்லாம் ஒட்டிக் கொழலா இருக்கும். ஆனா பொஸ்தகத்துல பிரிஞ்ச இதழ்க் கூட்டத்துலதான் அத வச்சிருக்கு. அதோட சொந்தம் எல்லாம் பிரிஞ்சதுதான். ஒண்ணப் பாத்து ஏமாந்துரக் கூடாதும்பாவ அவிய."

"நீ ரொம்பக் களச்சிருக்கம்மா. உசுரோட இருக்கவனுக்குச் சாவுமணி அடிச்சு அந்தப் பாவத்த என் தலையில ஏத்தாத. போயித் தூங்கு."

சுமைகாரர் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகிற வழக்கு. நான் வாயெடுத்தேன். அக்காள் என் காலை மிதித்தாள், நகம் கறுத்துப்போகிற மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் கருப்பட்டி வியாபாரி ஒருவர் வணக்கம் சொல்லி நின்றார். "செடி வாத்தியார இப்பத்தான் அந்த முக்குல பாத்தேன் தாயி," என்றார். அக்காள் தெரு முக்கைப் பார்த்தாள். வெயில்தான் இருந்தது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கோயிலுக்கு நடந்தாள்.

கோபுரத்துக்குக் கீழே மணிக்கயிறு தொங்கும். மணியடிப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அக்காள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஒரு அடி. அது முழுசாக ஓய்ந்த பிறகு இன்னொரு அடி. சாவுமணியைத் தவிர வேறு எதையும் எங்கள் ஊரில் அப்படி அடிப்பதில்லை.

கதவுகள் திறந்தன. பலகாரம் கொண்டுவந்த பெண்கள், பாலத்தில் பார்த்தவர், முக்கில் பார்த்தவர், எல்லாரும் வந்து நின்றார்கள். மூப்பர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"விடும்மா கயித்த! யாருக்கு அடிக்க நீ? யாருக்கு?"

சாவுமணி கேட்டால் எங்கள் தெருவில் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். கயிற்றைப் பிடித்திருப்பவர் இறந்தவரின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். மூப்பர் கோபத்தில்தான் கேட்டார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காள் அத்தான் பெயரைச் சொன்னதில்லை. பெண்சாதி வாயால் வந்தால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். தபால்காரர் கேட்டால்கூட என்னைத்தான் கூப்பிடுவாள், "லே, ஒங்க அத்தான் பேரச் சொல்லு" என்று. இப்போதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை இழுத்தாள். மணி அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"தேவசகாயம்," என்றாள்.

தெருவில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை எடுத்தார்கள்.